மீட்டது கர்த்தர், காட்டிக்கொடுத்தது அவரல்ல

வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் வந்திருக்கிற சகோதர சகோதரிகளே, என் புருஷன் செல்லையனைச் சாவின் வாயிலிருந்து கர்த்தர் மீட்டார். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். அந்த மகிமையில் பங்கு கேட்ட ஒருவரைப் பற்றியும் சொல்வேன்.

எங்கள் ஊர் குளத்தூர்ப் பக்கம். மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்தவர்களைப் போலீஸ் தேடிய காலம். ஆடி மாதம். கொடி பிடித்த செல்லையன் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் ஒளிந்திருந்தார். போலீஸ் வண்டி எங்கள் வீட்டைக் கடந்தே போய்விட்டது. எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து கை தட்டி அதை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் தன்னை மதிக்க வேண்டுமாம். தோட்டத்தைக் காட்டினார்.

செல்லையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் மூப்பரிடம் ஓடினேன். "ஏன் மூப்பரே இப்பிடிச் செய்தீரு?"

"நான் ஆரு பிள்ளே? எல்லாம் கர்த்தரு முன்னமே நிச்சயிச்சதாக்கும்" என்றார், வெற்றிலையை மென்றுகொண்டே.

லாக்கப்பில் செல்லையனுக்குக் கடுங்காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். பார்க்க விடவில்லை. கோயிலில் விழுந்து அழுதேன். 'ஆண்டவரே, இது உம் சித்தம் என்றால் எனக்கு ஜெபிக்க வாயில்லை. இல்லையென்றால் அவரை உயிரோடு தாரும்.'

அந்த வாரமே வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வயதான மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் செல்லையனைத் தாங்கி இறக்கினார். செல்லையனை அடிக்க அவரிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். "எனிக்கு வய்யா, சாரே", என்னால் முடியாது என்று லத்தியைக் கீழே போட்டுவிட்டு, வைத்தியரைக் கூட்டி வந்திருக்கிறார். லாக்கப்பில் சாவு விழுமோ என்று பயந்து இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார்.

"ஒங்களுக்குத் தண்டனை வராதா அண்ணே?"

"வரட்டெ மோளே. குறச்சு கஞ்ஞி கொடுக்கு." கொஞ்சம் கஞ்சி கொடு என்று செல்லையனைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூப்பர் எழுந்தார். "நான் காட்டாட்டா இந்த அற்புதம் நடக்குமா? என்னையும் கர்த்தரு பயன்படுத்தினாராக்கும்" என்றார். வெட்கமே இல்லை. ஆமென் சொல்லவும் சிலர் இருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடிக்கச் சொல்லியும் அடிக்காத மனுசனுக்குச் சொந்த மனசு உண்டு. ஆரும் கேக்காமலே காட்டின ஒமக்கு மட்டும் இல்லியா? கெடுதல் ஒம்மதாக்கும் மூப்பரே. அதை நன்மையாத் திருப்பினது கர்த்தரு."

குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

செல்லையனுக்கு இன்னும் இரைப்பு உண்டு. ஆனாலும் எழுந்து நடக்கிறார், தோட்டம் கொத்துகிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது எங்கள் வீட்டில் தப்பு செய்தவர், நான்தான் செய்தேன் என்று சொன்ன பிறகுதான் ஜெபத்துக்கு உட்காருகிறோம்.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். பாவத்தை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். செய்ததை ஒத்துக்கொள்கிறவனை அவர் மன்னிப்பார். தான் எதுவுமே செய்யவில்லை என்கிறவனுக்கு அவர் எதை மன்னிப்பார்?