கேசரி கடிப்பதை நிறுத்திய வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, ஃப்ரீசரில் இருந்து எடுத்த மீன் துண்டுகளைப் பையோடு அதில் போட்டு வைத்திருந்தாள். ஐஸ் விட்டுப்போகும்போது ஒரு வாடை எழும்பும், பச்சை மாமிசமும் ஈரமும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, நான் இன்னும் வெங்காயம்கூட வெட்டலையே" என்றாள். எலிக்குஞ்சு ஞாபகம் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? மீன் குழம்பு அன்றைக்கு யாருக்கும் இறங்கியிருக்காது.

உங்களிடம் சொல்லலாம். கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஜெரால்டும் பெருங்களத்தூரில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தோம். எனக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, அவனுக்குக் கிண்டியில். காலையில் ஒன்றாக நடந்து ஸ்டேஷனுக்குப் போய், எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்று, எவன் ரயில் முதலில் வருகிறது என்று ஒருவனை ஒருவன் கேலி செய்துகொள்வோம். அப்படி ஒரு சிநேகம். அவன் ஒருநாள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். உள்ளே பென்சில் பருமனில், நெய் விட்டுக் கிளறிய ரவா கேசரி நிறத்தில் ஒரு பாம்புக்குட்டி.

"கார்ன் ஸ்நேக் மச்சான். வெளிநாட்டுப் பாம்பு, விஷம் கிடையாது. பதிவு பண்ண பேப்பர்லாம் கீது, பயப்படாத" என்றான். நிறத்தை வைத்துக் கேசரி என்று பெயர் வைத்தது நான்தான். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் பெயரில் இருந்த இனிப்பு குணத்தில் இல்லை. மூடியைத் திறந்தால் போதும், கழுத்தை 'எஸ்' போல் வளைத்துக்கொண்டு பாயும். ஒருநாள் கோழி கழுவிய கையோடு தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். என் விரலைக் கவ்வியது மட்டுமில்லாமல், உடம்பை வேறு சுற்றி இறுக்க ஆரம்பித்துவிட்டது. வலி என்று பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரிதான். நான் போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா மாடிக்கே வந்துவிட்டார். சுவிட்சில் ஷாக் அடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினோம். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார், பாவம்.

"இது என்னை வெறுக்குது ஜெரால்டு. எங்கயாவது குடுத்துடு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "வெறுப்பும் இல்ல, கோவமும் இல்ல மச்சான். பசி. வளர்ற குட்டி. நாம எப்ப மூடியத் திறக்கறோம்? சாப்பாடு போடறப்ப மட்டும்தான். மூடி திறந்தா எலி வரும்னு நாமதான் அதுக்குக் கத்துக்குடுத்தோம். உன் கை வேற கோழி வாசனை அடிக்குது. அது உன்னக் கடிக்கல, சாப்பாட்டக் கடிச்சுது."

அதற்கப்புறம் சில விதிகள் வைத்துக்கொண்டோம். சாப்பாடு இல்லாத நாட்களிலும் மூடியைத் திறப்பது. கையை சோப்புப் போட்டுக் கழுவுவது. தொடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் அதன் முதுகை மெல்லத் தடவி, இது சாப்பாட்டு நேரமில்லை என்று தெரியப்படுத்துவது. பாம்புத் தீனிக்கென்று உறையவைத்து விற்கிற எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு ஐஸ் விட்டதும் நீளமான இடுக்கியால் மட்டுமே கொடுப்பது. தின்ற பிறகு இரண்டு நாள் கிட்டேயே போகாமல் இருப்பது. டப்பாவின் ஒரு பக்கத்துக்கு அடியில் சூடு கொடுக்கிற பாய் ஒன்று எப்போதும் பிளக்கில் இருக்கும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது என்று ஜெரால்டு திரும்பத் திரும்பச் சொல்வான்.

இரண்டு மாதத்தில் பாய்ச்சல் கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. குச்சி பட்டதும் ஒரு கணம் யோசிக்கும், அவ்வளவுதான். அதற்கே ஜெரால்டு குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டதுபோலப் பூரித்துப்போவான். கேசரி அவன் மணிக்கட்டில் வளையல்போல் சுற்றிக்கொண்டிருப்பதைத் தானே படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீடு கோவிலம்பாக்கத்தில். ஒரே பிள்ளை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் அம்மாவுக்குப் பாம்பு என்று சொன்னாலே மயக்கம் வரும். "கேசரியப் பாத்துக்க மச்சான்" என்றான். நான் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஈரம் காயாத சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. இருந்தது ஒரே பிளக். சூட்டுப் பாயைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஓடினேன். திரும்பச் செருகவில்லை. அன்று மட்டுமில்லை. எட்டு நாள்.

அந்த எட்டு நாளும் வெயிலே அடிக்கவில்லை. நடுவில் ஒருநாள் எலி கொடுத்தேன், தின்றது. தின்ற மூன்றாம் நாள் டப்பாவின் மூலையில் அந்த எலி அரைகுறையாகக் கரைந்து, தாங்க முடியாத நாற்றத்தோடு கிடந்தது. கக்கியிருக்கிறது. பசிக்குமே என்று மறுநாளே இன்னொன்று கொடுத்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

அந்த வாரத்தில்தான் கேசரி கடிப்பதை நிறுத்தியது. மூடியைத் திறந்தால் பாயவில்லை. கையை நீட்டினால் நாக்கைக்கூட நீட்டவில்லை. கையில் எடுத்தேன், பேசாமல் கிடந்தது. எனக்கு ஒரே பெருமை. ஜெரால்டுக்கு போன் போட்டு, "கேசரி என்கிட்ட பழகிடுச்சுடா. இப்ப கடிக்கறதே இல்ல" என்றேன்.

"குச்சிக்குக்கூட அசையலயா?" என்றான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "டாக்டர் வராரு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

அவன் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் குனிந்து டப்பாவின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. வயர் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே டப்பாவைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "பசிச்சுப் பாயற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம் சார். ரொம்ப லேட் பண்ணிட்டீங்க" என்றார். மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது கேசரி செத்துக் கிடந்தது. மாடியில் இருந்த பெரிய பூந்தொட்டியில் புதைத்தேன்.

ஜெரால்டிடம் சொல்லவில்லை. அப்பா ஐ.சி.யு.வில் இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து கேட்பான், "கேசரி எப்படிடா கீது?" நல்லா இருக்கு என்பேன். ஒருநாள், "ஒரு போட்டோ அனுப்பேன், மனசே சரியில்ல" என்றான். போனில் தேடி ஒன்றை எடுத்து அனுப்பினேன். "சூப்பர்" என்று ஒரு சொல் வந்தது. அதன்பிறகும் மூன்று வாரம் தினமும் கேட்டான். நானும் தினமும் நல்லா இருக்கு என்றேன்.

அவன் அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் அறைக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் காலி டப்பாவைப் பார்த்தான். அதிர்ச்சி அடையவில்லை.

"நீ அனுப்புன போட்டோ நான் எடுத்தது மச்சான்" என்றான். "அதுல இருக்கறது என் கை."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை.

"அது செத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. உனக்குத் தெரியாது, தப்பு நடந்துபோச்சு. ஆனா நான் தினம் கேட்டேன் இல்ல? இன்னைக்காவது சொல்லுவான், இன்னைக்காவது சொல்லுவான்னுதான்டா கேட்டேன். ஆஸ்பத்திரியில எல்லாருமே 'நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு'ன்னே சொன்னாங்க. நீயும் அதையே சொன்ன."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. துணிகளை எடுத்துக்கொண்டு, அம்மா தனியாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கோவிலம்பாக்கத்துக்கே போய்விட்டான். கொஞ்ச காலம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, வேலை இருக்கிறது என்றான். பிறகு ஒருநாள் கூப்பிட்டபோது அவன் நம்பரில் வேறு யாரோ பேசினார்கள். நாங்கள் இருந்த பெருங்களத்தூர் வீட்டை இடித்துவிட்டு இப்போது அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். ஹவுஸ் ஓனர் அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. 'நல்லா இருக்கியா' என்று இன்றைக்கும் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். உண்மையான பதிலுக்காகக் காத்திருந்து மறுநாளும் கேட்கிற ஆள் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.