மகளுக்குக் கோப்பி கொடுத்த கடைக்காரன்

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியை ஒட்டி எனக்கு ஒரு கோப்பித் தூள் கடை இருக்கிறது. கொட்டையை வறுத்து, கேட்பவர்களுக்குச் சுக்கும் மல்லியும் சேர்த்து, அவர்கள் கண்முன்னாலேயே அரைத்துக் கொடுப்போம். மெஷின் ஓடும்போது வருகிற வாசத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களும் தலையைத் திருப்புவார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இப்போது அதை யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் வீடு கண்டியில், கட்டுக்கலைப் பக்கம். மனைவி நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து கொஞ்ச நாள். பக்கத்து வீட்டு அக்காதான் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதென்று அவர் மாத்தளைக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை பிள்ளையை நான் கடைக்குக் கூட்டிப்போவதென்று முடிவு செய்தோம். நானாகத்தான் கேட்டு வாங்கினேன். "கடையில இருக்கிறது நான்தானே, என்ன கஷ்டம்?" என்றேன்.

கடையில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது என்னவென்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சாக்கை அவிழ்ப்பாள், தராசில் ஏறி உட்காருவாள், வீதிப் பக்கம் ஓடுவாள். ஒரு நாள் அழுது அடம்பிடித்தபோது, என் கோப்பியில் ஒரு பிஸ்கட்டைத் தோய்த்து அவள் வாயில் வைத்தேன். அழுகை நின்றது. அடுத்த நாள் அவளே என் கப்பைக் காட்டிக் கேட்டாள். பிறகு கரண்டியில் கொடுத்தேன். பிறகு ஒரு சின்ன சில்வர் கப் வாங்கி வைத்தேன். சீனி தாராளமாகப் போட்டு, ஆற்றி, அந்தக் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் கதிரையில் கால் தொங்க உட்கார்ந்து பெரிய மனுசியைப் போலக் குடிப்பாள். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பழகிய சிங்களத்தில், "ஹொந்தாய்" என்பாள். நல்லாயிருக்காம்.

அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிலர் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வாங்க வந்ததைவிடக் கூடுதலாக வாங்கிப் போவார்கள். "இவ்வளவு சின்னப் புள்ளைக்குக் கோப்பியா?" என்று ஒரு வயதான அம்மா கேட்டதும் நினைவிருக்கிறது. "நம்ம கோப்பி சுத்தமான கோப்பிங்க, ஒண்ணும் செய்யாது" என்று பதில் சொன்னேன். சுத்தத்துக்கும் அவர் கேட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மகள் இரவில் தூங்காமல் போனாள். படுக்க வைத்தால் எழும்பி உட்காருவாள், கட்டிலில் குதிப்பாள், கதை கேட்பாள், பிறகு காரணமில்லாமல் அழுவாள். சோறும் சரியாக இறங்கவில்லை. நான் விடிந்ததும் கடை திறக்க வேண்டுமென்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது மனைவிதான். காலையில் கண் சிவந்து வேலைக்குப் போவாள். கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினாள். கண் பட்டிருக்குமென்று நாவூறு கழித்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"நான் வேலைக்குப் போறதுதான் அவளுக்குப் பிடிக்கலைன்னு நெனைக்கிறேன். பகல் பூரா என்னைத் தேடுறா போல. கொஞ்ச நாளைக்குச் சம்பளம் இல்லாத லீவு கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கப்போறேன்."

"கடையில நல்லாத்தானே இருக்கா," என்றேன்.

"பகல்ல என்ன சாப்பிடுறா, என்ன குடிக்கிறா?"

"எல்லாம் குடிக்கிறா."

அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. கோப்பியையும் தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் கோப்பி என்ற சொல்லை அவள் முன்னால் எடுக்காமல் விட்டதும் உண்மை.

ஒரு மத்தியானம் மகள் கோப்பி குடிப்பதை ஃபோனில் வீடியோ எடுத்தேன். ஊதி ஊதிக் குடித்து, கண்ணை மூடி, "ஹொந்தாய்" என்றாள். கடையின் பேர் தெரிகிற மாதிரி ஓர் ஓரமாக நின்றுதான் எடுத்தேன். ஃபேஸ்புக்கில் போட்டேன். முதல் நாள் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு எனக்குத் தெரியாதவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். எங்கெங்கோ பகிர்ந்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று குருநாகல் பக்கத்திலிருந்துகூடக் கடைக்கு ஆள் வந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அதற்குப் பிறகு வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்களின் பேச்சு மாறியது. "இவனெல்லாம் ஒரு தகப்பனா?" என்று தமிழில் ஒருவர் எழுதியிருந்தார். சிங்களத்தில் அதைவிட மோசமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் திட்டியது தாயைத்தான். பெற்றவள் எங்கே போனாள், பிள்ளையைப் பார்க்காமல் அவளுக்கு அப்படி என்ன வேலை என்று. எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். நாங்களெல்லாம் சின்ன வயதிலேயே தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள்தான், செத்தா போய்விட்டோம் என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள்.

மனைவிக்கு ஃபேஸ்புக்கில் அவ்வளவு பழக்கம் இல்லை. அவள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கிற சிங்களப் பெண், "இது உங்க மகள்தானே?" என்று அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள். மனைவி அதை முழுதாகப் பார்த்திருக்கிறாள். கீழே எழுதியிருந்ததையும் வாசித்திருக்கிறாள். நான் எழுதிய பதில்களையும்.

அன்று பின்னேரம் கடைக்குள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருக்கும்போது, வேலைக்கு உடுத்திய சேலையோடு அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் அந்த நேரத்தில் கடைக்கு வந்ததே இல்லை. மகள் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, கோப்பி குடிக்கிறீங்களா? நான் தாறேன்."

மனைவி அவளைத் தூக்கினாள். முத்தம் கொடுப்பது போல வாயருகே முகத்தை வைத்தாள். மோந்து பார்க்கிறாள் என்று எனக்கு மட்டும் விளங்கியது.

"எத்தனை நாளா குடுக்கிறீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சும்மா கொஞ்சம்... அழுகையை நிப்பாட்ட..."

"நான் வேலைக்குப் போறதாலதான் பிள்ளை தூங்க மாட்டேங்குதுன்னு நெனச்சு அழுதேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்களுக்கும் விளங்கியிருக்கும். ஒரு பெண், காசைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்காமலே இறங்கிப் போய்விட்டார். நான் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் ஏதாவது பேச வேண்டியிருக்குமே என்ற பயம்.

மறுநாள் கண்டியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டொக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண். பிள்ளையைச் சோதித்து, நிறை பார்த்து, மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை வழக்கமா என்ன குடிக்கிறவ?"

"பால், தண்ணி... அப்புறம் கோப்பி," என்றாள் மனைவி.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கோப்பியோ? மூண்டு வயசுப் பிள்ளைக்கோ? ஏன் அம்மா, படிச்ச ஆள் மாதிரி இருக்கிறியள், இது தெரியாதோ?"

மனைவி மகளை இன்னும் கிட்ட இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். உடனே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டொக்டர் அவளுக்கு இன்னும் இரண்டு பேச்சுப் பேசி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது.

"நான்தான் குடுத்தேன் டொக்டர். அவங்களுக்குத் தெரியாது. கடையில வச்சு நான்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். ஏச்சு வரும் என்று இருந்தேன். வரவில்லை. அவர் மனைவியிடம், "குறை நினைக்காதையுங்கோ அம்மா," என்றார். அது எனக்கு ஏச்சைவிட அதிகமாகச் சுட்டது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். கோப்பியில் தூக்கத்தைக் கலைக்கிற ஒரு சத்து இருக்கிறது. பெரியவர்களுக்கு அது உற்சாகம், சின்ன உடம்புக்கு அது அதிகம். பிள்ளை துருதுருவென்று இருக்கும், எரிச்சல் வரும், நித்திரை குழம்பும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதோடு, இனிப்பாகக் குடித்து வயிறு நிரம்பினால் சோற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்?

எனக்குள் இருந்த வியாபாரி அப்போதும் சாகவில்லை. "பாலை நெறைய ஊத்தி, கோப்பியைக் கொறச்சுக் குடுத்தா பரவாயில்லையா டொக்டர்?" என்று கேட்டேன்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பால் நல்லதெண்டால் பாலையே குடுங்கோவன்," என்றார் டொக்டர். "இந்த வயசில கோப்பி தேவையே இல்லை. தேத்தண்ணியும் வேண்டாம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகும் பழக்காதையுங்கோ. இவ்வளவு நாள் குடிச்சதால பிள்ளைக்கு ஆபத்து வந்திட்டுது எண்டு பயப்படவும் வேண்டாம். நிப்பாட்டினால் சரியா வந்திடும். ஒரு சில நாள் சிணுங்குவா, தலையிடிக்குது எண்டுவா. பொறுத்துக்கொள்ளுங்கோ."

ஓமென்று தலையாட்டினேன். வெளியே வந்து பஸ் நிற்கும் இடம்வரை மூவரும் நடந்தோம்.

வீடியோவை அன்றே அழித்தேன். அழித்து என்ன, அது அதற்குள் வேறு எத்தனையோ பேரின் கைக்குப் போய்விட்டது. யாரோ அதற்குப் பாட்டுப் போட்டு ஓட விட்டிருந்தார்கள். மகள் டொக்டர் சொன்னது போலவே சில நாள் சிணுங்கினாள். மனைவி லீவு எடுத்து வீட்டில் நின்றாள். பிறகு பிள்ளை மெல்ல மெல்லத் தூங்கத் தொடங்கினாள். சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கலகெதரவிலிருந்து, நானா என்று நான் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் வந்தார். அங்கே சில்லறைக் கடை வைத்திருக்கிறார். என்னிடம் நெடுநாளாகத் தூள் எடுக்கிறவர். வந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"எங்க தம்பி, மகளக் காணல்ல?"

"வீட்ல இருக்கா நானா."

"ஒங்கட மகள்ட வீடியோவ எங்கட வீட்ல எல்லாரும் பார்த்த. எங்கட சின்ன மகளும் இப்ப கோப்பி இல்லாம இரிக்க மாட்டா. எங்கட உம்மா ஏசின. நான்தான் சொன்ன, கோப்பிக் கடக்காரரே அவர்ட புள்ளைக்கிக் குடுக்கிறாரு, நமக்கு என்னண்டு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். தலையாட்டிச் சிரித்து, தூளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் செய்யப் பார்த்தேன். கடதாசிப் பையை எடுத்துவிட்டேன்கூட. டொக்டர் அறையில் நான் வாய் திறக்காமல் இருந்த அந்த நேரம் நினைவுக்கு வந்தது.

"குடுக்காதீங்க நானா," என்றேன். "நான் குடுத்தது பிழை. எம் புள்ளை தூங்காம, சாப்பிடாமக் கஷ்டப்பட்டா. டொக்டர் வேண்டாம்னுட்டாங்க. நிப்பாட்டிட்டோம்."

அவருடைய சிரிப்பு நின்றது. "எங்கட புள்ளையும் ராவைக்கி ஒறங்குறல்ல," என்றார் மெதுவாக. "பல்லு மொளைக்கிறண்டு நெனச்சிட்டு இருந்த."

என் கையிலிருந்த கடதாசிப் பையைப் பார்த்தார். பிறகு, "நீங்க இத விக்கிற ஆள்தானே. ஒங்களுக்குத் தெரியாம இரிக்காதுண்டு நெனச்ச," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமாக எடுக்கிற தூளை எடுத்துக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஊர் பேர் தெரியாதவர்கள் திட்டியபோது நான் திருப்பித் திட்டினேன். இவர் போன பிறகும் காசுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இவரைப் போல என் வீடியோவைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ என்ற எண்ணம் அன்று முழுக்க என்னைக் குடைந்தது. யாருடைய முகத்தையும் பார்த்து வியாபாரம் செய்ய முடியவில்லை.

அடுத்த நாள் நான் மட்டும் ஃபோனுக்கு முன்னால் நின்று, சின்னப் பிள்ளைகளுக்குக் கோப்பி கொடுக்காதீர்கள், நான் கொடுத்து அனுபவப்பட்டேன் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் பேசிப் போட்டேன். பார்த்தவர்கள் சொற்பம். கோப்பி விற்கிறவன் கோப்பி வேண்டாம் என்கிறான் என்று ஒருவர் கேலி செய்திருந்தார். மனைவி அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரம் அவள் மறுபடி என்னோடு சாதாரணமாகப் பேசத் தொடங்கினாள்.

அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாத்தளைக்குப் போன அக்காவும் வந்துவிட்டார். மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். பள்ளி விட்டதும் அக்கா வீடு. கடைக்கு அவளைக் கூட்டிவருவது என்ற பேச்சே வீட்டில் இல்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். முன்பள்ளியும் லீவு. நான் விடிந்ததும் கடைக்கு வந்துவிட்டிருந்தேன். மனைவி அலுவலகத்துக்குப் போகும் வழியில் இல்லாத இந்தப் பிலிமத்தலாவைவரை பஸ்ஸில் வந்து, மகளைக் கடை வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே ஆட்கள் நின்றார்கள்.

"சோறு டப்பால இருக்கு. பால் பிளாஸ்கில இருக்கு. தண்ணி போத்தல்ல இருக்கு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "வேற ஒண்ணும் குடுக்காதீங்க," என்றாள்.

சாமான் வாங்க நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். முகம் சூடானது.

"சரி," என்றேன். பையை வாங்கிக்கொண்டேன்.