ரேஞ்சு இல்லாத மத்தியானம்

இன்னிக்குப் போடிமெட்டுக்கு மேல, ஏலத்தோட்டத்துல இருக்கிற எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம்.

ஜீப்ப விட்டு இறங்கினதும் என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசலைச் சுத்திச் சுத்தி வந்தாரு. ஏலக்காய் வியாபாரி. விலை கேக்காமச் சோறு இறங்காது.

மதினி பார்த்துட்டுச் சொன்னாக: "இங்க உங்களுக்கு ரேஞ்சு கிடையாதுண்ணே."

அவர் முகம் சுருங்கிப்போச்சு. "என்னத்தா, என் ரேஞ்சு தெரியாமப் பேசுற?"

மலையாளத்துக்காரங்களோட பழகிப் பழகி மதினிக்கு டவருன்னா ரேஞ்சுதான். புரிஞ்சதும் அவரே சிரிச்சுட்டு, போனை என் பையில போட்டாரு.

அப்புறம் ஏலச்செடி நிழல்ல ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தோம். மேகம் எறங்கி வந்து எதிர்ல நின்ன மரங்களை ஒவ்வொண்ணா மறைச்சுச்சு. இலையில தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்தான். நான் என்னையறியாம ஏதோ முணுமுணுத்துருக்கேன் போல.

"ஏய், நீ பாடுவியா?"ன்னாரு.

கல்யாணமாகி இம்புட்டு வருசம் கழிச்சு!

சாயங்காலம் இறங்கி வரும்போதும் அந்தப் பாட்டு வாயை விட்டுப் போகல. அடிவாரம் வந்ததும் பைக்குள்ள போன் கதறுச்சு.

"ரேஞ்சு வந்துருச்சு. செத்த பாடாம இரு, விலை சொல்றாக."

மேல இருந்தப்ப மனுசன் ரேஞ்சே வேறங்க. உங்க வீட்டுல எப்படி?