ஒரே பெயரில் நாலு தெரு

அப்பாவின் திவசம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தயார், திவசம் பண்ணிவைக்கும் வாத்தியாரைத் தவிர. வழக்கமாக வருபவர் இந்தியா போயிருந்ததால் புதியவர் ஒருவர் பக்கத்து ஊரான சுகர் லேண்டிலிருந்து எங்கள் ஊர் கேட்டிக்கு வந்துகொண்டிருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு அவருக்கு வேறு வீடு. அதற்குள் முடியாவிட்டால் அப்பாவுக்கு இந்த வருஷம் பட்டினி.

தப்பு என்னுடையதுதான். வீட்டு நம்பரையும் தெருப் பெயரையும் அனுப்பியவன், பெயருக்குப் பின்னால் டிரைவா லேனா என்று போடவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு பழைய ஜெர்மன் பிரபு குடும்பத்தின் பெயர்தான் எல்லாவற்றுக்கும். அந்தப் பெயரில் டிரைவ் உண்டு, லேன் உண்டு, டிரெயில் உண்டு. நாங்கள் இருப்பது கோர்ட், அதாவது முட்டுச்சந்து. என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் தொலைந்துபோவீர்கள்.

போன் வந்தது.

"சார், அந்தப் பேர் போட்ட ஸ்கூல் வாசல்ல நிக்கறேன்."

"அங்கேர்ந்து லெஃப்ட் எடுங்க."

"எடுத்தாச்சு. அதே பேர்ல பல் டாக்டர் இருக்கார். அவர் அந்தக் குடும்பமா?"

"அவர் வியட்நாம்காரர். தெருப் பேரை போர்டுல போட்டுக்கிட்டார்."

"அப்ப அந்தக் குடும்பம் எங்கதான் சார் இருக்கு?"

பசியில் போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் இறங்கினார். ஓட்டி வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். டிரைவில் எங்கள் வீட்டு நம்பரிலேயே குடியிருப்பவர். வாத்தியார் அவர் கதவைத் தட்டியிருக்கிறார். இவருக்கு வழி சொல்லிப் பயனில்லை என்று அவர் கூட்டிவந்துவிட்டார். கை கொடுத்தபோது தன் பெயரைச் சொன்னார். அதே குடும்பப் பெயர்.

"வாடகை வீடுதான்," என்றார், நான் கேட்காமலே.

வாத்தியார் உட்கார்ந்ததும் வேகம் பிடித்தார். அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயரும் சொன்னேன்.

"தாத்தாவோட அப்பா?"

முழித்தேன். போன வருஷமும் இதே இடத்தில்தான் முழித்தேன். நம் வீட்டில் குடும்பப் பெயர் ஏது, ஒரு இனிஷியலோடு சரி. அதற்கு மேலே யாரும் என்னிடம் கேட்டதில்லை, திவசத்தன்று தவிர.

வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்ன தடங்கல் என்றார். சொன்னேன்.

"எனக்கும் தெரியாது. குடும்பப் பெயர் மட்டும் தெரியும். அதுதான் கம்பத்துக்குக் கம்பம் எழுதியிருக்கே," என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"பேர் தெரியலைன்னா அதுக்கும் மந்திரம் இருக்கு," என்றார் வாத்தியார், கடிகாரத்தைப் பார்த்தபடி. "எள்ளை எடுங்கோ."

ஒரு மணிக்குள் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாகிவிட்டது. கொள்ளுத்தாத்தாவுக்கும், பெயரில்லாமலே.

நான் சாப்பிட உட்காரும்போதுதான் வாத்தியாரின் கார் டிரைவில், அந்தப் பெரியவர் வீட்டு வாசலிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. இலையை அப்படியே விட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

முதலில் லேனுக்குப் போனோம்.