அம்மாவின் நேர்ச்சையும் ஹார்மோன் பொடியும்

என் அம்மா ஜாக்குலினுக்கு நாற்பத்தாறு வயது. அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, சேலத்துக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். ஓரத்தில் ஒரு தையல் கோணினாலும் முழுதாகப் பிரித்துத் திரும்பத் தைப்பார். அவ்வளவு கறாரான மனுஷி, தன் உடம்பு விஷயத்தில் மட்டும் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது.

போன வருடத்திலிருந்து அவருக்கு மாதவிலக்கு முறை தவறியது. இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. திடீரென உடம்பெல்லாம் அனலடித்து வியர்க்கும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் இப்படி ஆகும், டாக்டரிடம் காட்டலாம் என்று போனில் படித்துவிட்டுச் சொன்னேன்.

"பன்னெண்டாவது முடிச்சதும் நீயே டாக்டராயிட்டியா?" என்றார்.

பக்கத்து வீட்டு மதுமதி அக்கா சொன்னால் மட்டும் கேட்பார். அந்த அக்கா வாட்ஸ்அப்பில் மூலிகைப் பொடி விற்கிறார்; அம்மா தினமும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்வார். 'பெண்களின் ஹார்மோன் சமநிலைக்கு' என்று டப்பாவில் இருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை எல்லாம் படமாக இருக்கும். எது எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இதற்கு நடுவில் நாற்பது நாள் தவக்காலம் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் டீயும் இங்கிலீஷ் மருந்தும் தொடுவதில்லை என்று அம்மா நேர்ந்துகொண்டார். லாரியில் நாக்பூர் போயிருந்த அப்பாவிடம் போனில் முறையிட்டேன். "சாமி விஷயம், நான் என்னத்தச் சொல்ல?" என்று வைத்துவிட்டார்.

அந்த முறை உதிரப்போக்கு பதினெட்டு நாளாக நிற்கவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதுமதி அக்கா எட்டிப் பார்த்து, "கெட்ட ரத்தம் போவுதுக்கா. இன்னொரு ஸ்பூன் சேத்துப் போடுங்க" என்றார். அம்மாவும் போட்டார்!

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், அம்மா பெரிய டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தவக்காலத்துல டீ குடிக்கற?"

"ஞாயித்துக்கெழம நாப்பது நாள் கணக்குல வராது புள்ள. ஞானோபதேச கிளாஸ்ல என்னத்தப் படிச்ச?"

"அப்ப இன்னிக்கு டாக்டரும் கணக்குல வரமாட்டாங்க. கெளம்பு."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மாடியில் இருந்த கிளினிக்கில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. நான் எடுத்துப்போயிருந்த பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியலம்மா. அனல், வேர்வைக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பேசலாம். இத்தன நாள் ரத்தம் போனா, மொதல்ல ஏன் போவுதுன்னு பாக்கணும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்கேன் எடுத்து ரத்தம் ஏத்துவாங்க."

"நாளைக்குத் திங்கக்கெழமயாச்சே" என்றார் அம்மா.

"ஆமா, திங்கக்கெழமதான். அதுக்கென்ன?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இறங்கும்போது மூன்றாம் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். எழ முயன்றார், முடியவில்லை. என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். காலைல ஆறு மணிக்கே ஆட்டோவ வரச் சொல்லிரு."

அங்கேயே நின்று போன் போட்டேன். ஆட்டோக்காரர் எடுப்பதற்குள் அம்மா என் துப்பட்டாவை இழுத்தார்.

"மதுமதிகிட்ட மட்டும் சொல்லிறாத. பாவம், மனசு கஷ்டப்படுவா."