பதினோரு மாத வாடகைதாரர்

என் வீட்டிலேயே நான் வாடகைக்குக் குடியேறிய கதை இது. பத்து வருடமாக நானும் அவனும் விவேக் நகரில் ஒரே மாடியில், ஒரே கட்டிலில், பேஸ்ட் டியூபை நடுவில் அமுக்கியது யார் என்ற ஒரே சண்டையோடு குடும்பம் நடத்தியவர்கள். குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான் சட்டத்தின் கணக்கில் நாங்கள் ஜோடியே இல்லை என்பது உறைத்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து தத்தெடுக்க முடியாது. ஒருவர் மட்டும், தனியாள் என்று சொல்லி விண்ணப்பிக்கலாம்.

யார் அப்பா என்பதில் போட்டியே இல்லை. அவனுக்கு பீன்யா தொழிற்பேட்டையில் நிரந்தர வேலை, சொந்தப் பெயரில் வீடு, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட கோலார் தங்கவயலில் ஒரு அக்கா. எனக்கு ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் நகைச்சுவை உணர்வும். படிவத்தில் இரண்டாவதற்குக் கட்டமே இல்லை.

"அப்போ நான் யாருடா?"

"டெனன்ட்."

இந்த ஊர் வழக்கப்படி பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்றை முத்திரைத்தாளில் அடித்துக்கொண்டு வந்தான். நானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து இருக்கும் ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான். கல்யாணப் பத்திரிகை மாதிரி போட்டோகூட எடுத்துவைத்தேன்.

வீட்டைப் பார்க்க சமூகப் பணியாளர் வரவிருந்த சனிக்கிழமைக்கு முந்தைய நாள், என் துணிமணிகளைச் சின்ன அறைக்கு மாற்றினோம். ஊட்டியில் நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் பரணுக்குப் போனது. சின்ன அறைக்கு எனக்கென்று ஒரு மடக்குக் கட்டிலும் வந்தது.

"மேடம் போற வரைக்கும் ரூம விட்டு வெளிய வராத. ஜோக் அடிச்ச, கொன்னுடுவேன்" என்றான்.

மேடம் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். மஞ்சள் சுவரைத் தடவிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அடித்த பெயின்ட். கதவுக்குப் பின்னால் நின்று மானசீகமாகக் குனிந்து வணங்கினேன்.

பிறகு கேட்டார்: "ரெண்டு வயசுப் பையன் வர்றான்னு வைங்க. இதுக்குள்ள என்னென்ன ஊசி போட்டிருக்கணும், சார்?"

பீன்யாவில் இரும்புப் பாகங்களில் முடியளவு பிசகைக்கூடக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறவனுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். தண்ணீர் குடிக்க வருகிறவன் மாதிரி வெளியே வந்தேன்.

"ஒன்பதாம் மாசம் தட்டம்மை மேடம். ஒன்றரை வயசுல அதுலயே ரெண்டாவது டோஸ்."

"ஹௌதா, அப்படியா? நீங்க யாரு?"

"இங்க வாடகைக்கு இருக்கேன் மேடம்."

"வாடகைக்கு இருக்கறவருக்கு இவ்ளோ தெரியுமா?"

அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். "கரன்ட் பில்லோட இதையும் நீயே பார்த்துக்கோன்னுட்டாரு மேடம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் ஜோக்குக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை. சிரித்து முடித்தவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்லா வளர்ப்பீங்க சார், சந்தேகமே இல்ல. ஆனா சொந்தமில்லாத ஆம்பள ஒருத்தர் கூடவே இருக்காருன்னா நான் எழுதியே ஆகணும். மேல கேள்வி வரும். குழந்தை வர்றதுக்குள்ள அவர காலி பண்ணச் சொல்லிடுங்க. வெறும் அக்ரிமென்ட்தானே?" குழந்தை வந்த பிறகும் இரண்டு வருடம் அவ்வப்போது வந்து பார்ப்பார்களாம்.

"வேணாம்டா. எல்லாத்தையும் விட்டுடலாம்" என்று அவன் மஞ்சள் சுவரில் சாய்ந்து அழுதான்.

"ஓனர் நோட்டீஸ் குடுத்தா மரியாதையா காலி பண்ணணும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

ஜோகுபாளையத்தில் ஒரு அறை பிடித்தேன். காத்திருந்து காத்திருந்து, ஒருநாள் பையன் வந்தான். இரண்டு வயது, உள்ளங்கை இரண்டிலும் அழுக்கு, யாரையும் நம்பாத கண்கள். தினமும் சாயங்காலம் விவேக் நகர் வீட்டுக்குப் போவேன். சோறு ஊட்டுவேன், யானையாவேன், ஏழு மணிக்குக் கிளம்புவேன். பையனுக்கு நான் மாமா.

குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. ஒரு மாதத்தில், நான் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். தத்தித் தத்திப் போய் அலமாரியிலிருந்து என் ஷூக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைப்பான். நாங்கள் கைதட்டுவோம். அவன் கற்ற முதல் உபகாரம்.

போன வாரம் சரியான மழை. "இன்னிக்கு இங்கயே இருடா, யாரு வரப்போறாங்க" என்றான் அவன். இருந்துவிடுவது என்று நானும் உட்கார்ந்தேன். பையன் ஷூவைக் கொண்டுவந்து வைத்தான். நான் எழவில்லை. என் காலில் அதைத் திணித்துப் பார்த்தான். "மாமா டாட்டா" என்றான். மடியில் தூக்கிக்கொண்டேன். திமிறி இறங்கி, ஷூவைக் கட்டிக்கொண்டு, மூச்சு முட்ட அழ ஆரம்பித்தான். பொம்மை, பிஸ்கட், யானை, எதற்கும் அடங்கவில்லை.

நான் ஷூ போட்டுக்கொண்டேன். டாட்டா சொன்னேன். இறங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றபடி, மழைச் சத்தத்துக்கு நடுவில் மேலே அழுகை நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

நின்றது. சீக்கிரமே நின்றுவிட்டது.