அவள் பால் மறந்த மாதங்கள்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தர்மபுரி பக்கம் பொம்மிடியில் இருந்தோம். என் கணவருக்கு ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தெருவில், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருக்கும் ஓட்டு வீட்டில் ஒரு பாதி எங்களுடையது. மூத்த மகளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அப்போது நான் மறுபடியும் உண்டானேன்.

சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் வேறொரு கவலை வந்து நின்றது. மகள் இன்னும் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பசும்பால் போதும். அவளுக்கு அது விஷம்.

அதை நாங்கள் அறிந்துகொண்டது அவள் தவழ்ந்துகொண்டிருந்த நாட்களில். முதன்முதலாகச் சங்கில் பசும்பால் ஊற்றினேன். அரை மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் செந்தடிப்பு எழும்பி, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் விசாரித்துவிட்டு, "அலர்ஜி. பால், தயிர், மோர், நெய் எதுவும் வேண்டாம். பால் பவுடரும் வேண்டாம்" என்றார். பிறகு ஒரு நாள் வேர்க்கடலையும் அப்படியே செய்தது. தை மாசி ஆனால் எங்கள் பக்கத்தில் எந்த வாசலில் பார்த்தாலும் கடலை காயும், எந்தப் பிள்ளையின் கையிலும் கடலை இருக்கும். அந்த ஊரில் அவளை வளர்த்தேன். நான் பால் குடித்தால் அதுவே என் பால் வழியாக அவள் உடம்பில் தடிப்பாக வருகிறது என்று கண்டுகொண்ட பிறகு, நானும் வரக்காப்பிக்கு மாறினேன்.

உண்டான செய்தி கேட்டு, பிரசவம் வரை கூட இருப்பதாகச் சொல்லி, இண்டூரிலிருந்து என் கணவரின் அக்கா வந்து இறங்கினார். நான் அவரை அண்ணி என்பேன். வயல்காட்டு வேலையில் முறுக்கேறிய கை, உரத்த குரல், அதைவிடப் பெரிய மனசு. கையில் ஒரு தூக்குப் போசி நிறைய எருமைப்பால்.

"மாசமா இருக்கிறவ பால் குடிக்காம இருந்தா வயித்துப் புள்ளைக்கு எங்கிருந்து தெம்பு வரும்? குடி கண்ணு."

"நான் குடிச்சா பெரியவளுக்கு ஆவாதுங்க அண்ணி."

"அப்போ அவளுக்குக் குடுக்கறத நிறுத்து. வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு ரெண்டு பேரு சேர்ந்து உன்ன உறிஞ்சா நீ என்னாவ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத் தலை சுற்றியது. குழந்தை வாய் வைத்தாலே காம்பு ரணமாக வலித்தது. ஆஸ்பத்திரி லேடி டாக்டரும் அதையேதான் சொன்னார், மெல்ல மெல்ல நிறுத்திவிடுங்கள் என்று. நிறுத்திவிட்டு என்ன கொடுப்பது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

அண்ணிக்கு மெல்ல மெல்ல என்பதில் நம்பிக்கை கிடையாது. மறுநாள் காலையிலேயே வேப்பிலையை மை போல அரைத்து, "தடவிக்கிட்டு உக்காரு. ஒரு வாய் வெச்சா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டா" என்றார். தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் ஓடி வந்து மடியில் ஏறினாள். மாராப்பை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பச்சையாக அப்பியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. எனக்குப் புண் வந்து மருந்து போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

"அம்மாக்கு ஊவா" என்றாள். பிறகு குனிந்து, உதட்டைக் குவித்து, ஊதிவிட ஆரம்பித்தாள்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல், வேப்பிலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் கழுவிக்கொண்டு வந்து அவளுக்குப் பால் கொடுத்தேன். வேப்பிலை வைத்தியம் அதோடு முடிந்தது.

ஆனால் பால் ஒருத்திக்கு ஆகாது என்பதை அண்ணியால் நம்பவே முடியவில்லை. அவர் வீட்டில் நாலு எருமை. அவர் பெற்ற பிள்ளைகள் கறந்த சூட்டோடு பால் குடித்து வளர்ந்தவர்கள். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரே ஒரு வாய் பால் சோறு பிசைந்து ஊட்டிவிட்டார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மகளின் கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கியது. நான் கத்துவதற்குள் அண்ணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் புரண்டது. கடைத்தெருவிலிருந்த டாக்டர் உடனே ஊசி போட்டார். மூச்சு சீராகி வீக்கம் வடியும்வரை அண்ணி அவளை யார் கையிலும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாம செஞ்சிட்டேன் கண்ணு. நாஞ்செஞ்சது தப்பு."

"வுடுங்க அண்ணி. நல்லதுக்குத்தான செஞ்சீங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அவரைவிடப் பெரிய காவல் கிடையாது. 'அலர்ஜி' என்ற சொல் அவர் வாயில் 'அலச்சி' ஆனது. "எங்க புள்ளைக்கு அலச்சிங்க, எதையும் குடுக்காதீங்க" என்று தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார். கையில் கடலையோடு வரும் பிள்ளைகளை வாசலிலேயே மறித்து, கையைக் கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவார்.

அதற்கப்புறம் எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒத்துக்கொள்ளும் ஒரே பால் என்னுடையது, அதையும் எடுத்துவிட்டால்? ராகிக் கூழ் குடிப்பாள், பருப்புச் சோறு தின்பாள், சாமைச் சோறும் அவரைக்காயும் என்றால் இன்னும் ஒரு பிடி கேட்பாள். ஆனால் பால் என்று வாய் தேடும்போது அந்தச் சாப்பாடெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை.

வீட்டின் மறு பாதியில் மெத்தை தைக்கிறவரின் குடும்பம் இருந்தது. முஸ்லிம்கள். வீட்டுக்குள் உருது பேசுவார்கள், எங்களோடு தமிழ். மெத்தைக்காரரின் மனைவியை நான் அக்கா என்பேன். அந்த அக்கா ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் சோறு செய்தபோது, முதல் பாலில் கொஞ்சம் தனியே எடுத்து, வெல்லம் கரைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்.

"இது மாட்டுப்பால் இல்லம்மா. தேங்காய். நீயே தொட்டுப் பார்த்துக் குடு."

அண்ணி முதலில் ஒரு துளியை மகளின் உள்ளங்கையில் தடவி உட்கார்ந்து பார்த்தார். பிறகு உதட்டில் ஒரு துளி. நாங்கள் மூன்று பெண்களும் சமையலறை வாசலில் அவளைச் சுற்றி உட்கார்ந்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தடிப்பு வரவில்லை. அவள் நாக்கால் உதட்டை நக்கிவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மேலுதட்டில் வெள்ளையாக மீசை. "பாலு!" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு அம்மியில் தேங்காய் அரைபடாத நாள் இல்லை. காலையில் எழுந்தவுடன் கேட்கும் பாலுக்குப் பதில் அதைக் கொடுத்தோம். சாயங்காலத்தில் அவளுக்குப் பால் நினைப்பு வராமல் என் கணவர் பார்த்துக்கொண்டார். டியூட்டி இல்லாத நாளில் அவளைத் தோளில் உட்காரவைத்து பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார். கூட்ஸ் வண்டி போகும்போது அவள் ஒவ்வொரு பெட்டிக்கும் டாட்டா காட்டுவாளாம். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடியை ஆட்டினால் அன்று முழுவதும் அதே பேச்சு. திரும்பி வரும்போது அவர் தோளிலேயே தூங்கிப்போயிருப்பாள். எண்ணெயும் கரியும் கலந்த வாசத்தோடு அவளை வாங்கிப் படுக்கவைப்பேன். அந்த வாசம் எனக்குப் பிடிக்கும்.

மத்தியானத் தூக்கம்தான் கஷ்டமாக இருந்தது. பால் குடித்துக்கொண்டே தூங்கிப் பழகியவள். அந்த நேரத்தில் நான் அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். இங்கே அண்ணி தூளியை ஆட்டுவார். நடுவில் ஒரு சுவர்தானே. "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிடுவது அப்படியே கேட்கும். என் ரவிக்கை நனைந்துவிடும். அக்கா மெத்தைக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுப்பார். எழுந்து ஓடிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். சில நாள் ஓடியும் போனேன். அண்ணி திட்டவில்லை, "இன்னிக்கு மட்டும்" என்று தூளியிலிருந்து தூக்கிக் கொடுத்துவிடுவார்.

வயிறு மேடிட்ட பிறகு பால் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாமல் வீடு புழுங்கிக்கொண்டிருந்தபோது, அவளாகவே வந்து மடியில் ஏறினாள். வாய் வைத்தாள். கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தாள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, பாலு இல்ல."

"எங்க கண்ணு போச்சு?"

யோசித்தாள். பிறகு என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "பாப்பா குச்சிடுச்சு."

அதில் கோபமோ வருத்தமோ இல்லை. டம்ளர் காலியாகிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். என் மாராப்பைத் தானே இழுத்து மூடி, அதன்மேல் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கி, அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதம் பாடுபட்டது இதற்குத்தான். நடந்தபோது மட்டும் தாங்க முடியவில்லை.

மகன் பிறந்தது தர்மபுரி ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பி பால் குடிப்பதைக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "பாலு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். எனக்கும் வேண்டும் என்றாள். மறுக்க மனசு வரவில்லை. மேலே ஏற்றிக்கொண்டேன். வாய் வைத்தாள், ஆனால் எப்படிக் குடிப்பது என்று அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. கடித்துப் பார்த்தாள், நக்கிப் பார்த்தாள், பிறகு வெட்கமாகச் சிரித்து முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மகன் பால் குடித்து, கடலை தின்று வளர்ந்தான். அவளுக்கு வேர்க்கடலை இன்றைக்கும் ஆகாது. பால் மட்டும் எப்போது ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மகனுக்குச் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அவள் அப்பாவின் கிளாஸை வாங்கிப் பெரிய வாயாக இரண்டு வாய் குடித்துவிட்டிருந்தாள்.

அவர் கிளாஸை அப்படியே கீழே வைத்தார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டேன். பொம்மிடி பஸ் வந்து நின்றது, யாரும் நகரவில்லை. கண்டக்டர், "ஏறுங்கம்மா, எடம் இருக்குது" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பஸ் போய்விட்டது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிவைத்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. ஒரு தடிப்புகூட எழவில்லை.

"என்னத்தப் பாக்கறீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவள் அப்பா. பிறகு எழுந்து போய், அவளுக்கென்று இன்னொரு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.